எஞ்சின் மவுண்டை விறைப்பாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற முன்சக்கர இயக்கக் காரை இரண்டாம் கியரில் மெதுவாக ஊரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுவதும் மிதித்தால், கார் பாய்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவது தெரியும். அந்தத் தயக்கத்தில் ஒரு பகுதி டர்போவினுடையது. மற்றொரு பகுதி, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சாய்ந்து, தங்களைக் காரின் உடலோடு தாங்கிப் பிடிக்கும் மவுண்டுகளின் ரப்பரை நசுக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம். நம் பட்டறைகளில் ‘ஃபவுண்டேஷன்’ என்று அழைக்கப்படும் அந்த மவுண்டுகளை விறைப்பானவையாக மாற்றினால் இந்தப் பகுதி குறையும் என்பது உண்மைதான். ஆனால் எதை, எந்த அளவுக்கு மாற்றுவது என்று முடிவெடுப்பதில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள்.

முதல் தவறு, தேய்ந்துபோன மவுண்டைப் புதிய விறைப்பான மவுண்டோடு ஒப்பிடுவது. பல ஆண்டுகள் ஓடிய காரில் ரப்பர் வெடித்திருக்கலாம். திரவம் நிரப்பிய மவுண்டாக இருந்தால் திரவம் கசிந்து வெறும் கூடாக நிற்கலாம். அப்படிப்பட்ட காரில் கம்பெனி மவுண்டையே புதிதாகப் போட்டாலும் கியர் மாற்றும்போது வரும் ‘டக்’ ஒலி போய்விடும். புறப்படும்போது முன்சக்கரங்கள் துள்ளுவதற்கும் மவுண்ட் மட்டுமே காரணமன்று; சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ்கள், ஷாக் அப்சார்பர், டயர் ஆகியவையும் அதில் பங்காளிகள். இவற்றைப் பார்க்காமல் மவுண்டை மட்டும் கடினமாக்குகிறவர், துள்ளலை அப்படியே வைத்துக்கொண்டு அதிர்வையும் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்.

இரண்டாவது தவறு ஷோர் எண்ணை நம்புவது. ரப்பர் போன்ற செயற்கைப் பொருளான பாலியூரித்தேனில் வார்த்த மவுண்டுகள் 60ஏ, 75ஏ, 85ஏ, 95ஏ என்ற எண்களோடு விற்கப்படுகின்றன. இந்த எண் பொருளின் கடினத்தன்மையைச் சொல்கிறதே தவிர, மவுண்டின் விறைப்பைச் சொல்வதில்லை. கடினத்தன்மை என்பது ஒரு சிறு முனை அந்தப் பொருளுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு. விறைப்பு என்பது முழு மவுண்டும் ஒரு மில்லிமீட்டர் நகர எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு. ஒரே 75ஏ பொருளை நடுவில் இடைவெளி விட்டு வார்த்தால் மென்மையாகவும், இடைவெளியே இல்லாமல் கெட்டியாக வார்த்தால் மிக விறைப்பாகவும் வரும். ஆகவே, வாங்கும் முன் எண்ணைப் பார்ப்பதைவிட மவுண்டின் குறுக்கு வடிவத்தைப் பார்ப்பதே பயன் தரும்.

மூன்றாவது, என் கணிப்பில் மிகப் பெரிய தவறு, எல்லா மவுண்டையும் ஒரே மூச்சில் மாற்றுவது. கோல்ஃபில் எஞ்சின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று என இரண்டு மவுண்டுகள் எடையைத் தாங்குகின்றன; கீழே சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டத்தோடு இணைந்த ஊசல் மவுண்ட் எடையைத் தாங்காமல், சுழற்சியை மட்டும் தடுக்கிறது. இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர். இரண்டாம் கியரில் மொத்தக் குறைப்பு விகிதத்தை, அதாவது கியர்கள் அந்த விசையை எத்தனை மடங்காக்குகின்றன என்பதை, தோராயமாக 7.5 என்று கொண்டால், அச்சில் 2,600 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் வரும். எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும் காரில் இதற்கான எதிர்விசை முழுவதையும் மவுண்டுகள்தாம் ஏற்க வேண்டும். மேல் மவுண்டுகளுக்கும் ஊசலுக்கும் இடையே 45 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தச் சிறு ஊசல் மீது விழும் விசை ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமம். சாய்வைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு இங்கே நடப்பதால், சாலையில் ஓட்டுகிறவர் முதலில் மாற்ற வேண்டியது இந்த ஒன்றைத்தான். மேலே உள்ள இரண்டையும் தொடாமல் விட்டால் பெரும்பாலான நன்மை கிடைத்துவிடும்; அதிர்வும் தாங்கும் அளவில் நிற்கும்.

மேல் மவுண்டுகளைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் அது விநாடிக்கு சுமார் 27 துடிப்பு. மவுண்டின் மேல் எஞ்சின் தானாக ஆடும் இயல்பு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் என்றால், ஆட்டத்தை அடக்கும் தணிப்பைச் சேர்க்காத கணக்கில் அந்தத் துடிப்பில் ஆறில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகும். விறைப்பை நான்கு மடங்காக்கினால் இயல்பு அதிர்வெண் இரட்டித்து 20 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் எந்த மவுண்டும் வடிகட்டத் தொடங்கும். 27 அந்த எல்லைக்குக் கீழே விழுந்துவிடுவதால், துடிப்பு குறைவதற்குப் பதிலாக ஒன்றேகால் மடங்குக்கு மேல் பெருகும். சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது உட்புறக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் காரின் எண் பலகை கலங்கித் தெரிவது இதனால்தான். இதே கணக்கில் ஐட்லிங்கை 950 ஆர்பிஎம்முக்கு உயர்த்தினால் துடிப்பில் பாடிக்குப் போவது மூன்றில் இரண்டு பங்காக இறங்கும். மூன்று சிலிண்டர் போலோ 1.0 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். அங்கே 800 ஆர்பிஎம்மில் துடிப்பு சரியாக 20 ஹெர்ட்ஸ். அது ஒத்ததிர்வின் நடுப்புள்ளி.

கம்பெனி மவுண்ட் மென்மையாக இருப்பதைச் சிக்கனம் என்று நினைப்பதும் தவறே. திரவ மவுண்ட், சிறு அதிர்வுக்கு மென்மையாகவும் பெரிய அசைவுக்குத் தணிப்போடும் நடந்துகொள்கிறது. ஒரே வார்ப்பான பாலியூரித்தேனால் இப்படி ஆள் பார்த்து நடக்க முடியாது. 2010ஆம் ஆண்டின் போர்ஷே 911 ஜிடி3, காந்தத் துகள் கலந்த திரவம் கொண்ட மவுண்டுகளை விருப்பத் தேர்வாகக் கொண்டு வந்தது. சாதாரண ஓட்டத்தில் மென்மை, விரட்டும்போது விறைப்பு. பந்தயத் தடத்துக்கென்றே பெயர் பெற்ற அந்தக் காரிலும் எஞ்சினை இரும்போடு இரும்பாகக் கட்டிவிடவில்லை. 1967இல் லோட்டஸ் 49 காஸ்வொர்த் எஞ்சினை நேராகப் போல்ட் போட்டு, அதையே சேசிஸின் பின்பாதியாக்கியது வேறு கதை. அந்தக் காரில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கவில்லை.

எடை தாங்கும் இரண்டில் ஒன்றை அலுமினியமாகவும் மற்றொன்றை ரப்பராகவும் வைப்பது ஆபத்தான கலவை. நகராத புள்ளியில் சுமை குவிந்து பிராக்கெட்டும் போல்ட்டும் களைத்துப்போகும். எரிபொருள் முறைதவறி வெடிக்கும் ‘நாக்’ ஒலியைக் கண்டுபிடிக்க எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சாரும் அதிர்வைக் கேட்டு முடிவெடுக்கும் கருவியே. மவுண்டோ பிராக்கெட்டோ உலோகத்தில் மோதி எழுப்பும் ஒலியை நாக் என்று அது எடுத்துக்கொண்டால், எஞ்சினை இயக்கும் கணினியான இசியூ எரியூட்டும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். சக்திக்காகப் போட்ட மவுண்ட் சக்தியைத் தின்னும். பின்சக்கர இயக்கக் காருக்கோ கணக்கே வேறு. சக்கரங்களுக்கு முந்தைய கடைசிக் கியர் குறைப்பின் எதிர்விசையை அங்கே பின் அச்சில் உள்ள டிஃப்ரென்ஷியலின் புஷ்கள் ஏற்பதால், சக்கரத் துள்ளலுக்கு மருந்தை எஞ்சினுக்கு அடியில் தேடக் கூடாது.

பொருத்தும்போது நேரும் தவறுகள் பொருளின் தவறாகத் தோன்றும். மேற்சொன்ன ஜிடிஐயின் மூன்றாம் தலைமுறை இஏ888 எஞ்சினில் ஆயில் தேங்கும் சம்பின் அடிப்பாகம் பிளாஸ்டிக். அதற்கு நேரே ஜாக்கை வைத்தால் விரிசல் விழும். எஞ்சினை மேலிருந்து குறுக்குச் சட்டத்தில் தொங்கவிடுவதே சரி. மவுண்ட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகை என்பதால், பழையதையே திரும்பப் போடாமல் புதியதை வாங்கி, முதலில் குறித்த டார்க்கிலும் (முறுக்குவிசையிலும்) பிறகு குறித்த கோணத்திலும் இறுக்க வேண்டும். அதற்கு முன் எல்லாப் போல்ட்டையும் தளர்வாக வைத்து, எஞ்சினின் எடையை மவுண்டுகள் மேல் முழுதாக இறக்கி, கையால் முன்னும் பின்னும் அசைத்து அதன் இயல்பான இடத்தில் நிற்க விட வேண்டும். இதை விட்டுவிட்டால் மவுண்ட் ஒரு பக்கம் நசுங்கியபடியே வேலை செய்து, மிக விறைப்பான மவுண்டைப் போட்டதுபோல் அதிரும்.

வேலை முடிந்ததும் நெடுஞ்சாலைக்கு ஓட்டிச் சென்று பார்ப்பது இயல்பு. ஆனால் குறை தெரியுமிடம் அதுவன்று. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தபின் ஏசியைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி டிரைவிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி அரை நிமிடம் நிறுத்திப் பாருங்கள்; அப்போது காரின் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. அந்த இரண்டு நிலைகளிலும் டேஷ்போர்டு ஒலி தாங்கும்படி இருந்தால் அந்த மவுண்டோடு வாழலாம். இல்லையென்றால் கழற்றி வைத்த கம்பெனி மவுண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.