ரூத்தையும் தாமாரையும் நிலக் கணக்கோடு படிப்பது எப்படி

பைபிளில் வரும் ரூத்தின் கதையைக் காதல் கதையாகவே படித்துக்கொண்டு வந்தால் நாலாம் அதிகாரத்தில் சப்பென்று ஆகிவிடும். விதவையான ரூத், களத்தில் போவாஸ் என்ற உறவினரிடம் கல்யாணம் கேட்கும் அந்த இரவுக்கு அப்புறம் பட்டணவாசலில் பத்து மூப்பர்களை உட்காரவைத்து நில விற்பனை பேசுகிறார்கள், ஒருவர் பாதரட்சையைக் கழற்றிக் கொடுக்கிறார். நம்மில் பலர் அந்த இடத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, குழந்தை பிறக்கும் கட்டத்துக்குத் தாவிவிடுகிறோம். ஆனால் கதை தொடக்கத்திலிருந்தே அந்த வாசலை நோக்கித்தான் வருகிறது. பண்டைய இஸ்ரவேலில் கல்யாணம், மானம், நிலம் மூன்றும் ஒரே முடிச்சு.

முதலில் ஒரு தாளில் குடும்ப மரத்தைப் போடுங்கள். எலிமெலேக்கு, அவர் மனைவி நகோமி, பிள்ளைகள் மக்லோன், கிலியோன், மருமகள்கள் ரூத், ஓர்பாள். இறந்தவர்கள் பெயர் மேல் கோடு போட்டால் ஆண்கள் மூன்று பேரும் போய்விட்டார்கள், ஒருவருக்கும் வாரிசு இல்லை. இப்போது தாளைப் பார்த்துக் கேளுங்கள்: யாருடைய பெயர் அற்றுப்போகப் போகிறது, அவர்கள் நிலம் யார் கைக்குப் போகும்? நிலத்தை ஒரேயடியாக விற்றுவிட முடியாது, அது கடவுளுடையது என்கிறது பைபிளின் சட்டப் புத்தகங்களில் ஒன்றான லேவியராகமம் 25:23. ஐம்பதாம் வருஷமான யூபிலியில் அது பழைய குடும்பத்துக்கே திரும்பும், அதனால் யூபிலிக்கு எத்தனை வருஷ விளைச்சல் பாக்கி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் விலை. சரி, திரும்பி வருகிற நிலத்தை வாங்கிக்கொள்ள ஆளே இல்லாத குடும்பம் என்ன செய்யும்? அதுதான் நகோமியின் கவலை.

அடுத்து இரண்டு சட்டங்களைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், குழப்பமெல்லாம் இங்கேதான் வருகிறது. ஒன்று, உபாகமம் 25:5-10. சேர்ந்து வாழும் சகோதரரில் ஒருவன் பிள்ளை இல்லாமல் இறந்தால் அவன் மனைவியை உடன்பிறந்தவன் கட்டிக்கொள்ள வேண்டும், முதல் பிள்ளை இறந்தவன் பேரில் நிற்கும். மற்றது லேவியராகமம் 25:25. வறுமையால் ஒருவன் விற்ற நிலத்தை நெருங்கிய உறவினர் மீட்டுத் தர வேண்டும். அதே அதிகாரம் 48, 49ஆம் வசனங்களில், கடனில் தன்னையே விற்றுவிட்டவனை மீட்பதற்கு வரிசையும் சொல்லியிருக்கிறது: சகோதரர், பெரியப்பா சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், பிறகு மற்ற உறவினர். இறந்தவனுடைய சகோதரனுக்கு முதல் சட்டம், நெருங்கிய உறவினர் எவருக்கும் இரண்டாவது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ரூத் 1:11-13 படித்துப் பாருங்கள். இனி எனக்குப் பிள்ளைகள் பிறந்தாலும் அவர்கள் வளரும்வரை நீங்கள் காத்திருப்பீர்களா என்று நகோமி மருமகள்களிடம் கேட்பது புலம்பல் மட்டும் இல்லை, முதல் சட்டத்தின் கதவு மூடிவிட்டது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறாள். அதனால்தான் 2:20இல் போவாஸ் பெயரைக் கேட்டதும், அவர் நம்மை மீட்கக்கூடிய உறவினரில் ஒருவர் என்று அவள் பேச்சே மாறுகிறது. இரண்டாவது கதவு திறந்திருக்கிறது.

நாலாம் அதிகாரத்தை வரி வரியாகப் போங்கள். போவாஸைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார். நகோமி நிலத்தை விற்கிறாள், மீட்கிறீரா என்று போவாஸ் முதலில் நிலத்தை மட்டும் சொல்கிறார். அவரும் உடனே மீட்கிறேன் என்கிறார், ஏன் சொல்ல மாட்டார்? நகோமிக்கு இனிப் பிள்ளை பிறக்கப்போவதில்லை, போட்ட பணத்துக்கு நிலம் தன் குடும்பத்தோடு சேர்ந்துவிடும். அப்புறம்தான் போவாஸ் ரூத்தின் பேச்சை எடுக்கிறார். இறந்தவன் பெயரை நிலைநிறுத்த ஒரு பிள்ளை பிறந்தால் நிலம் அந்தப் பிள்ளைக்கு. பணமும் போகும், நிலமும் போகும். என் சொத்து கெட்டுவிடும், என்னால் முடியாது என்று அவர் பின்வாங்குகிறார் (4:6). அவரைக் கெட்டவராகப் பார்க்க வேண்டாம், அவர் பயம் நியாயமானதுதான். போவாஸ் அதே நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இறந்தவன் பெயரைக் காப்பாற்ற மறுத்த அந்த மனிதரின் பெயரைப் புத்தகம் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

பாதரட்சை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உபாகமத்தில், மணக்க மறுக்கும் சகோதரனின் பாதரட்சையை விதவையே மூப்பர் முன்னால் கழற்றி, அவன் முகத்தில் துப்புகிறாள், அவன் வீட்டுக்கே அந்த இழிபெயர் ஒட்டிக்கொள்கிறது. ரூத்தில் அந்த உறவினரே கழற்றுகிறார், துப்புதல் இல்லை, ரூத் அங்கே இருப்பதாகவும் சொல்லப்படவில்லை. அது உரிமையைக் கைமாற்றும் வழக்கம் என்று 4:7 சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

மானத்தின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். களத்தில் ரூத் கேட்பது, உம்முடைய போர்வையை என்மேல் விரியும், நீர் மீட்கும் உரிமை உள்ளவர் என்று. போர்வை விரிப்பது கல்யாணத்துக்கு அடையாளம், எசேக்கியேல் 16:8இலும் அதே செய்கை வருகிறது. அவளை ஒழுக்கமானவள் என்று சொல்லும் போவாஸ், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாத இருட்டிலேயே அவளை அனுப்பிவைக்கிறார். ஒரு பெண் களத்துக்கு வந்தாள் என்று வெளியே தெரியக் கூடாது என்பது அவர் கவலை. இரவில் மறைத்த விஷயத்தைப் பகலில் ஊர் வாசலில் சாட்சிகளோடு முடிக்கிறார்.

இதே தாளை ஆதியாகமம் 38க்கும் போடுங்கள். யூதாவின் மூத்த மகன், தாமாரின் கணவன் ஏர் இறந்தான், தம்பி ஓனான் அண்ணனுக்கு வாரிசு தர மறுத்து இறந்தான், கடைசி மகன் சேலா சின்னவன் என்று சொல்லி யூதா தாமாரை அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். சேலா வளர்ந்தும் கல்யாணம் நடக்கவில்லை. அவள் முகத்தை மறைத்து மாமனார் யூதாவாலேயே கர்ப்பமானபோது, அவனிடமிருந்தே முத்திரையையும் கயிற்றையும் கைக்கோலையும் அடகாக வாங்கி வைத்தது ஏன் என்று இப்போது புரியும். அவளை எரிக்கச் சொன்னவனே கடைசியில் என்னைவிட அவள் நீதியுள்ளவள் என்கிறான். ரூத் 4:12இல் ஊரார் தாமாரின் பிள்ளை பேரேஸைச் சொல்லி வாழ்த்துவது தற்செயல் இல்லை.

இதெல்லாம் அழகாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பரிசம் பெண்ணின் தகப்பனுக்குப் போனது. யாக்கோபு அதற்கு ஈடாக ராகேலுக்காக ஏழு வருஷம் உழைத்தான். உபாகமம் 22:28-29 பலவந்தம் செய்தவன் 50 சேக்கல் (எடைக் கணக்கு) வெள்ளி அவள் தகப்பனுக்குக் கொடுத்து அவளையே மணக்க வேண்டும் என்கிறது, அந்தப் பெண்ணுக்கு இஷ்டமா என்று அந்த வசனம் கேட்கவில்லை. அந்த வலியை மழுப்பாமல் படியுங்கள்.

கை பழகியதும் எரேமியா 32ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, காவலில் இருக்கும் தீர்க்கதரிசி எரேமியாவிடம் சித்தப்பா பிள்ளை வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கச் சொல்கிறார், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்று. எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரத்துக்கு முத்திரை போட்டு, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். யார் விற்கிறார், ஏன் இவரிடம் வருகிறார், வாங்குகிறவருக்கு என்ன நஷ்டம் என்று எழுதி முடித்துவிட்டு 15ஆம் வசனத்தைப் படியுங்கள்.