தீபாவளி விளம்பரம் எடுப்பதற்கு முன் மூன்று வீடுகளுக்குச் சென்று வாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் அரைத்து விற்கும் ஒரு குடும்பத்தினர், தீபாவளிக்காகத் தமிழ்த் தொலைக்காட்சியில் 30 விநாடி விளம்பரம் கொடுக்க விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அந்தப் பணம் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலும் வாழும் மக்களைக் கடைக்கு அழைத்துவர வேண்டும்; அவர்களை ரிமோட்டைத் தேட வைத்துவிடக் கூடாது.

எனவே படப்பிடிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன், தெரிந்தவர் வீடுகள் மூன்றில் அனுமதி கேட்டு, இரவுத் தொடர் ஓடும் நேரத்தில் அமர்ந்திருங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், மனிதர்களைப் பாருங்கள். எந்த விளம்பரத்தின்போது பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போகிறார், எப்போது பேரன் ஒலியை அடைக்கிறான், எப்போது பேச்சு நின்று எல்லாருடைய கண்ணும் திரைக்குத் திரும்புகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரம் பிடித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், ஏனெனில் நம் மக்கள் வீடு தேடி வந்தவரின் மனம் நோகும்படி பேசமாட்டார்கள். அரை மணி நேரம் கழித்து, அது எந்தப் பொருளுக்கான விளம்பரம் என்று கேளுங்கள். பாட்டை அப்படியே முணுமுணுப்பவர்கூடப் பொருளின் பெயரை மாற்றிச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அடுத்து, கதையைக் கவனியுங்கள். பெரும்பாலான பணம் வீணாவது இங்கேதான். மசாலை விளம்பரம் என்றதும், மருமகள் வைத்த குழம்பை மாமியார் முகம் சுளித்துத் தள்ளிவைப்பார், புதிய தூளைப் போட்டதும் வீடே சிரிக்கும் என்ற கதையைத்தான் பலரும் முதலில் நீட்டுவார்கள். அமெரிக்காவில் டேவிட் ஆக்கர், டொனால்ட் புருசோன் ஆகிய இருவரும் நூற்றுக்கணக்கான தொலைக்காட்சி விளம்பரங்களை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கட்டுரையில், பார்ப்பவருக்கு எரிச்சலூட்டும் காரணங்களாகச் சொன்னவற்றுள் போலியாகத் தோன்றும் சூழலும், ஒருவரை அவருடைய தோற்றத்திலோ அறிவிலோ மட்டம் தட்டுவதும், தாய் மகள் போன்ற நெருங்கிய உறவு குலைவதுபோல் காட்டுவதும் இடம்பெற்றிருந்தன. மாமியார் மருமகள் கதையில் இந்த மூன்றும் ஒன்றாக வந்துவிடுகின்றன. விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் புறப்படும் பெண்ணிடம், உனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அவளிடமே காசையும் கேட்பது எந்த வகையிலும் நியாயமாகாது. முகத்தின் நிறத்தைக் காட்டி வெட்கப்படுத்திக் களிம்பு விற்ற விளம்பரங்கள் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் செய்த காயத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டளையிடும் சொற்களையும் நீக்குங்கள். தம் விருப்பத்தில் பிறர் தலையிடுவதாக உணர்ந்தால், மனிதர் அதற்கு எதிர்த்திசையில் போக முனைவர் என்பதை ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இல் கோட்பாடாகவே வகுத்தார். ‘உடனே வாங்குங்கள், இன்றே கடைசி’ என்று நெருக்கும்போது, வாங்க எண்ணியிருந்தவரும் பின்வாங்குகிறார்.

எரிச்சலூட்டியும் விற்ற விளம்பரங்கள் உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. 1950களில் ரோசர் ரீவ்ஸ் என்ற அமெரிக்க விளம்பர வல்லுநர், அனாசின் என்ற தலைவலி மாத்திரைக்காகத் தலைக்குள் சுத்தியல் அடிப்பதாகக் காட்டிய விளம்பரம் பலருக்கு வெறுப்பைத் தந்தும் மாத்திரை விற்றது. ஆனால் அதில் தலைவலி தீரும் என்ற ஒரே செய்தி தெளிவாக இருந்தது. பார்த்தவர்களில் மிகப் பலரிடம் ரிமோட்டும் இல்லை. இன்று பேரனின் கையில் ரிமோட்டோடு கைப்பேசியும் இருக்கிறது.

ஒளிபரப்பு நேரம் வாங்கும்போது, ஒரே இடைவேளையில் இருமுறை போடும் சலுகையை மறுத்துவிடுங்கள். ஹெர்பர்ட் குரூக்மன் என்ற விளம்பர ஆய்வாளர் 1972இல் விளக்கியபடி, முதன்முறை பார்ப்பவர் இது என்ன என்று கேட்கிறார், இரண்டாம் முறை இதனால் எனக்கென்ன என்று எண்ணுகிறார், மூன்றாம் முறை அது நினைவூட்டலாகிறது, அப்போதே கவனம் விலகவும் தொடங்குகிறது. அதே பணத்தை வெவ்வேறு நாள்களுக்குப் பிரித்துக்கொள்வதே நல்லது.

ஒலியைப் பொறுத்தவரை, உச்ச அளவைக் கூட்டாமலே மெல்லிய ஒலிகளை மேலே தூக்கி முழு விளம்பரத்தையும் உரக்கக் கேட்கச் செய்ய முடியும். இந்தத் தொல்லைக்காகவே அமெரிக்கா 2010இல் தனிச் சட்டம் இயற்றியது. ஒலிக்கலவை செய்பவரிடம், தொடரின் உரையாடல் எந்த அளவில் கேட்கிறதோ அந்த அளவே போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயத்து வீடுகளில் திடீர் இரைச்சல் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும்.

மஞ்சள்தூள் நீரிழிவைப் போக்கும் என்பன போன்ற வாக்குறுதிகள் அறவே கூடாது. நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை.

இவ்வளவையும் நீக்கிய பிறகு எதைக் காட்டுவது என்றால், உண்மையைக் காட்டுங்கள். மிளகாய் வெயிலில் காய்வதையும், அரைவை இயந்திரத்திலிருந்து தூள் இறங்குவதையும், அரைப்பவரே தம் குரலில் எத்தனை ரிங்கிட், எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்வதையும் கைப்பேசியிலேயே முதலில் படமெடுங்கள். பிறகு அந்த மூன்று வீடுகளுக்கும் திரும்பிச் சென்று, விளம்பரம் யாருடையது என்று சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். பாட்டி எழுந்து போய்விட்டால், அவர் எழுந்த விநாடியைக் குறித்துக்கொண்டு அந்த இடத்தை மாற்றி எடுங்கள். தூள் எங்கே கிடைக்கும் என்று அவரே கேட்டால், ஒளிபரப்புக்குப் பணம் கட்டலாம்.