ஸ்லைடில் இருப்பது எந்தத் தசை? வரியை விடுங்கள், உட்கருவைப் பாருங்கள்

எலும்புத்தசை, இதயத்தசை, மென்தசை என மூன்றே வகைதான். ஆனால் லேபிள் இல்லாத ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பலருக்கும் கைகால் ஓடாது. காரணம், எல்லோரும் முதலில் வரிகளை, அதாவது இழையின் குறுக்கே தெரியும் கோடுகளை, தேடுவதுதான்.

1. 4 மடங்கு லென்ஸில் தொடங்கி 10, பிறகு 40. 40-க்கு வந்தபின் பெரிய ஃபோகஸ் திருகைத் தொடாதீர்கள்; லென்ஸ் மோதி ஸ்லைடு உடையும்.

2. கண்டென்சரின் (ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) டயாஃபிரத்தை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, கொஞ்சம் மூடுங்கள். வெளிச்சம் தூக்கலாக இருந்தால் வரிகள் வெளுத்துவிடும். ரொம்ப மூடினாலோ, இல்லாத கோடுகள் தெரியும்.

3. நீள்வெட்டா, அதாவது இழையின் நீளவாக்கில் வெட்டியதா? அப்படியானால் வேலை சுலபம். நீண்ட இழை, ஓரத்தில் வரிசையாகப் பல உட்கருக்கள், குறுக்கு வரிகள்: எலும்புத்தசை. கிளை பிரியும் இழை, நடுவில் ஒன்றோ இரண்டோ உட்கரு, செல்கள் இணையும் இடத்தில் படிக்கட்டு போன்ற இடைச்செருகு தட்டுகள்: இதயத்தசை. இரு முனையும் கூரான கதிர்கோல் வடிவம், நடுவில் ஒரே உட்கரு, வரியே இல்லை: மென்தசை.

4. இழைக்குக் குறுக்கே வெட்டிய குறுக்குவெட்டுதான் வில்லங்கம். இதில் எந்தத் தசையிலும் வரி தெரியாது. உட்கரு ஓரமாக ஒதுங்கியிருந்தால் எலும்புத்தசை. அதில் சந்தேகமே வேண்டாம். மற்ற இரண்டிலும் உட்கரு நடுவில்தான், அதனால் அளவைப் பாருங்கள். அருகிலுள்ள ரத்தக்குழாயில் ஒரு சிவப்பணுவைத் தேடுங்கள். விட்டம் சுமார் 7 மைக்ரோமீட்டர், அதுவே உங்கள் அளவுகோல். மென்தசை செல் பெரும்பாலும் அதை ஒட்டிய அளவில் இருக்கும். இதயத்தசை இழை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் உட்கருவைச் சுற்றி வெளிறிய வட்டமும் தெரியலாம். மென்தசையில் செல்கள் பெரிய வட்டம், சிறிய வட்டம் எனக் கலந்து கிடக்கும், பலவற்றில் உட்கருவே இருக்காது. ஸ்லைடில் குறையில்லை: செல்லின் கூர்நுனி வெட்டுப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சாயத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், இடைச்செருகு தட்டுகளுக்கு அயர்ன் ஹீமட்டாக்சிலின்தான் சரி. வழக்கமான ஹீமட்டாக்சிலின்–இயோசினில் அவை மங்கலாகவே தெரியும்.

பிற்சேர்க்கை: மென்தசையையும் கொலாஜன் (இணைப்புத்திசுவின் புரத நார்) கற்றையையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வழக்கமான சாயத்தில் இரண்டும் இளஞ்சிவப்புதான். கொலாஜனில் உட்கரு இழைகளுக்கு இடையே நசுங்கிக் கிடக்கும். மென்தசையில் செல்லுக்குள்ளேயே இருக்கும், செல் சுருங்கியிருந்தால் திருகாணி போல முறுக்கிக்கொண்டிருக்கும். மாசன் ட்ரைக்ரோம் சாயத்தில் பிரச்சினையே இல்லை: தசை சிவப்பு, கொலாஜன் நீலம் அல்லது பச்சை.

உறுப்பின் பெயரை வைத்தும் முடிவுகட்டாதீர்கள். உணவுக்குழாயின் மேல்பகுதியில் எலும்புத்தசை, கீழ்ப்பகுதியில் மென்தசை, நடுவில் இரண்டும் கலந்து இருக்கும்.