ரொறன்ரோ மாமா சொல்லும் சட்டம் மொன்றியலில் செல்லாது

மொன்றியலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் சட்ட ஆலோசனை ரொறன்ரோவிலிருந்துதான் வரும். ஸ்காபரோவில் நீண்ட காலமாக இருக்கும் மாமாவோ சித்தியோ தொலைபேசியில் சொல்வார்கள்: வீடு எடுக்கும்போது கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கட்டு, கலியாண எழுத்து இல்லாவிட்டாலும் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தால் பிரியும்போது ஜீவனாம்சம் கேட்கலாம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இது சரி. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் இரண்டும் பிழை.

காரணம் பழையது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்த மண்ணைப் பிடித்த ஆங்கிலேயர், 1774ஆம் ஆண்டின் கியூபெக் சட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குற்றவியலுக்கு ஆங்கிலச் சட்டம். சொத்து, ஒப்பந்தம், குடும்பம் போன்ற தனிமனித விவகாரங்களுக்குப் பிரெஞ்சுச் சட்டம். அந்த ஏற்பாடு இன்றும் நிற்கிறது. தனிமனித விவகாரச் சட்டங்களை ஒன்றாகத் தொகுத்து 1866இல் வந்த சிவில் சட்டக் கோவையின் இடத்தில் 1994 ஜனவரி 1 முதல் புதிய கோவை நடைமுறையில் இருக்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள். ஒன்ராறியோ நீதிபதி பழைய தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டவர். இங்குள்ள நீதிபதி முதலில் கோவையைப் புரட்டுவார்; தீர்ப்புகள் அதற்கு விளக்கமாக வரும். குற்றவியல் சட்டம் மட்டும் கனடா முழுவதற்கும் ஒன்றுதான்.

சிவில் என்ற சொல் இன்னொரு பொருளிலும் உங்கள் காதில் விழும். பொலிஸுக்குப் போனால் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். குற்ற வழக்கை அரசு நடத்தும், நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், தண்டனை கிடைக்கும். சிவில் வழக்கை நீங்களே போட வேண்டும். உங்கள் பக்கம் உண்மையாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும், கிடைப்பது பணமோ ஓர் உத்தரவோதான்.

நம்மவர் பிடிக்கும் சீட்டையே பாருங்கள். சீட்டை எடுத்தவர் வேலை போனதால் மிச்சத்தைக் கட்டவில்லை என்றால் அது சிவில். ஏமாற்றும் எண்ணத்தோடேயே காசு சேர்த்தார் என்றால் அது குற்றம். இரண்டு பாதையும் திறந்திருக்கும். 15,000 டொலர் வரையான கோரிக்கைக்குச் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் உண்டு. அங்கே பொதுவாகச் சட்டத்தரணிகளுக்கு இடமில்லை, நீங்களே பேசலாம். ஆனால் தனிமனிதர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் 1,500 டொலரைத் தாண்டினால், வெறும் வாய்ச்சாட்சியை வைத்து அதை நிரூபிக்க இந்தக் கோவை பொதுவாக விடாது. எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். "நம்ம ஆள்தானே, எழுத்து எதற்கு" என்பது இங்கே விலையுயர்ந்த மரியாதை. பெரும்பாலான கடன்களுக்கு வழக்குப் போடும் காலம் மூன்று ஆண்டு.

வாடகை வீட்டில்தான் வித்தியாசம் முதலில் தெரியும். வீட்டுக்காரர் முன்கூட்டிக் கேட்கக்கூடியது முதல் மாத வாடகை மட்டும். டிபாசிட், கடைசி மாத வாடகை, பின்திகதியிட்ட காசோலை எதையும் வற்புறுத்த முடியாது. வீட்டுக்காரர் தமிழராக இருந்தாலும் சட்டம் இதுதான். சில வேளைகளில் அப்போதுதான் இதைக் கூடுதலாக நினைவுபடுத்த வேண்டியிருக்கும். ஒப்பந்தம் அரசின் கட்டாயப் படிவத்தில் இருக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகையை எழுதும் இடமும் அதில் உண்டு. அது நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

லீஸ் முடிந்தால் வெளியேற வேண்டும் என்று பயப்பட வேண்டாம். அது தானாகவே நீளும். ஒரு வருட லீஸில் வாடகையை உயர்த்த விரும்பும் வீட்டுக்காரர், முடிவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உயர்வை மறுத்துவிட்டும் நீங்கள் வீட்டில் இருக்கலாம். அவர்தான் வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கட்டி ஐந்து வருடம் ஆகாத கட்டடங்களுக்கு விதிவிலக்கு உண்டு. உயர்வு அறிவித்தலுக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் தருவார்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதேபோல, போக நினைத்தும் சொல்லாமல் விட்டால் இன்னொரு வருடம் மாட்டிக்கொள்வீர்கள். ஜூலை 1இல் நகரமே வீடு மாறும், அந்த வாரம் சாமான் ஏற்ற வான் வண்டி கிடைப்பது பெரும்பாடு. தீர்ப்பாயத்தை இன்னும் பலர் பழைய பெயரில் "ரெஜி" என்றே சொல்கிறார்கள், குழம்ப வேண்டாம்.

அடுத்தது குடும்பம். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கு இது அவ்வளவு அந்நியமாக இராது. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்துக்கு வந்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பின் தேடியது) என்று பிரிப்பு உண்டல்லவா? கியூபெக்கில் ஒப்பந்தம் எழுதாமல் கலியாணம் கட்டினால் ஏறக்குறைய அதே கணக்குத்தான்: கலியாணத்துக்குப் பின் சம்பாதித்தது பிரிவின்போது பங்குக்கு வரும், பெற்றோர் விட்டுப்போனது உங்களுடையது. அதற்கும் மேலாக 1989 முதல் குடும்பச் சொத்து என்ற விதி இருக்கிறது. குடியிருக்கும் வீடு, தளபாடம், குடும்பம் பயன்படுத்தும் கார், கலியாணக் காலத்தில் சேர்ந்த ஓய்வூதியம் இவற்றின் பெறுமதி, யார் பெயரில் இருந்தாலும் சமமாகப் பிரியும். இதை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும் முடியாது. ஊரில் கலியாணம் கட்டி வந்து இங்கே குடியிருப்பவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். இங்கே கட்டினால் மனைவி தன் பெயரிலேயே இருப்பார், கணவர் பெயருக்கு மாற மாட்டார்.

கலியாண எழுத்தில்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எத்தனை வருடம் வாழ்ந்தாலும் ஜீவனாம்சம் இல்லை. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மற்றவர் வாரிசும் இல்லை. 2025 ஜூன் 30 முதல், அன்றைக்கோ அதற்குப் பின்னரோ பிள்ளை பிறந்த சோடிகளுக்கு வீடு, தளபாடம், கார் ஆகியவற்றின் பெறுமதியிலும் வாரிசுரிமையிலும் பங்கு வந்திருக்கிறது. ஜீவனாம்சம் அப்போதும் இல்லை. கலியாணம் கட்டியவர்களும் உயில் எழுதுவது நல்லது: அது இல்லாவிட்டால், பிள்ளைகள் இருக்கும்போது துணைக்கு மூன்றில் ஒரு பங்குதான், மீதி பிள்ளைகளுக்கு.

உயிலை முழுக்க உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டாலே செல்லும். ஆனால் நொத்தாரிசு முன் எழுதியதை இறந்த பிறகு நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தும் அலைச்சல் இல்லை. இங்கே நொத்தாரிசு என்பவர் முத்திரை குத்துபவர் மட்டுமல்ல. சட்டம் படித்தவர், இரு தரப்புக்கும் நடுநிலையாக நிற்பவர். வீட்டு அடமானக் கடன் அவர் இல்லாமல் நடக்காது. இலங்கையில் காணி உறுதி முடித்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் சட்டத்தரணியிடம் போங்கள்.

எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால், அருகிலுள்ள சமூக நீதி மையத்தில் (Centre de justice de proximité) இலவசமாகத் தகவல் தருவார்கள். உங்கள் சார்பாக வழக்காட மாட்டார்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்வார்கள். லீஸ், வந்த கடிதங்கள், பணம் அனுப்பிய பதிவு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனால் இன்னும் வசதி.