மூக்கடைப்புக்கு உப்புநீர்: பெரியவர்களுக்குக் கழுவல், கைக்குழந்தைக்குச் சொட்டு

நான் முதன்முதலில் மூக்கைக் கழுவியது குழாய்த் தண்ணீரில். உப்பும் போடவில்லை. கிணற்றில் குதிக்கும்போது மூக்கில் நீர் ஏறினால் உச்சிமண்டை வரை சுரீரென்று இழுக்குமே, அதே எரிச்சல். ஒரே நேரத்தில் இரண்டு தவறுகளைச் செய்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. உப்பில்லாதது எரிச்சலைத்தான் தரும். குழாய்த் தண்ணீரோ உயிரையே பறிக்கக்கூடியது.

யோகப் பயிற்சியில் ஜலநேத்தி என்று சொல்வதும், காது மூக்கு தொண்டை மருத்துவர் 'சலைன் வாஷ்' என்று சொல்வதும் ஏறத்தாழ ஒன்றுதான். உப்புநீர் சளியை இளக்கி, தூசியையும் மகரந்தத்தையும் அடித்துக்கொண்டு வெளியே போகிறது. சளிக்காய்ச்சலை இது குணமாக்காது. மூச்சு விடுவதை எளிதாக்கும், அவ்வளவுதான். மூக்கடைத்துக்கொண்டு தூங்க முடியாதவருக்கு அதுவே பெரிய காரியம்.

முதலில் தண்ணீர்

இதில்தான் பெரும்பாலோர் அலட்சியம் காட்டுகிறார்கள். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் வழியே போனால் மூளையை எட்டிவிடும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். மிக அரிதான நோய்தான். ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் வெகு சிலர். கொதிக்கவைத்தால் தீரும் ஆபத்துக்குத் துணிச்சல் காட்டுவானேன்?

குமிழி விட்டுத் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் மூன்று நிமிடம். அங்கே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. பிறகு மூடி வைத்தே ஆறவிடுங்கள். சூடு அதிகமென்று குழாயைத் திறந்து கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவினால் கொதிக்கவைத்தது வீண். ஆர்ஓ தண்ணீரும் கேன் தண்ணீரும் குடிக்கத்தான். மூக்குக்கு அவற்றையும் கொதிக்கவைக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டிலைத் திறந்ததும் பயன்படுத்திவிடலாம், ஆனால் மிச்சத்தை நாள்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

அடுத்து உப்பு

அளவு 0.9 சதவீதம். லிட்டருக்கு 9 கிராம். ஒரு தடவைக்கு வேண்டிய 250 மில்லி நீருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல், அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் பொடியுப்பு. தேக்கரண்டி என்று நான் சொல்வது 5 மில்லி அளவு. வீட்டுக்கு வீடு மாறும் காபிக் கரண்டி அல்ல. கண்ணீர் உதட்டில் பட்டால் எவ்வளவு உப்புக் கரிக்குமோ அவ்வளவு கரிப்பு இருந்தால் சரி. ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்தால் எரிச்சல் இன்னும் குறையும்.

நம் கடைகளில் கிடைக்கும் சமையல் உப்பு பெரும்பாலும் அயோடின் சேர்த்தது. கட்டி பிடிக்காமலிருக்க வேறு பொருளும் கலந்திருக்கும். சிலருடைய மூக்கை அது உறுத்தும். எனக்கு உறுத்தியது. அதனால் மூக்கு கழுவும் பாட்டிலோடு வரும் உப்புப் பொட்டலத்துக்கு மாறிவிட்டேன். அளக்கும் வேலையும் மிச்சம்.

பெரியவர்கள் கழுவும் முறை

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உப்புநீரை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

2. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாயுங்கள். அண்ணாந்து பார்க்கக் கூடாது. நெற்றியும் தாடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

3. வாயைத் திறந்து 'ஆ' என்று சொல்லியபடி வாயால் மட்டுமே மூச்சு விடுங்கள். கழுவும்போது பேச்சு, சிரிப்பு, விழுங்கல் மூன்றும் ஆகாது. விழுங்கினால் நீர் காதுப் பக்கம் போய் அடைக்கும்.

4. மேலே இருக்கும் நாசியில் பாட்டிலின் நுனியை வைத்து மெதுவாக அழுத்துங்கள். கெண்டியானால் சாய்த்தாலே போதும். நீர் மறு நாசி வழியாக வடியும். கொஞ்சம் தொண்டைக்கு வந்தால் துப்பிவிடுங்கள்.

5. பாதி நீர் முடிந்ததும் மெல்லச் சிந்திவிட்டு, மறுபக்கம் சாய்ந்து மீதியை விடுங்கள். சிந்தும்போது இரண்டு நாசிகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டாம்.

முடிந்ததும் குனிந்து தலையை இடமும் வலமும் திருப்பினால் தேங்கிய நீர் வடிந்துவிடும். நான் இதைச் செய்யாமல் நேராக அலுவலகம் போய், குனிந்து கையெழுத்துப் போட்ட தாளை நனைத்த கதையும் உண்டு. படுக்கப் போகும் முன்பும் வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். மருத்துவர் மூக்கு ஸ்ப்ரே கொடுத்திருந்தால் கழுவிய பிறகே அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும்.

மூக்கு கடுமையாக அடைத்து நீர் மறுபக்கம் வரவே இல்லையென்றால் அழுத்திப் பார்க்காதீர்கள். காதுவலி, அடிக்கடி மூக்கில் இரத்தம், அண்மையில் மூக்கிலோ காதிலோ அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பாட்டிலை ஒவ்வொரு முறையும் கழுவித் திறந்தபடி காயவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு

மேலே சொன்ன எதையும் கைக்குழந்தைக்குச் செய்யாதீர்கள். ஊற்றிக் கழுவுவது அவர்களுக்கு அல்ல, சொட்டுத்தான். அதற்கும் வீட்டுக் கலவை வேண்டாம், மருந்துக்கடை சலைன் டிராப்ஸ் வாங்குங்கள். லேபிளைப் படிப்பது முக்கியம். 'சோடியம் குளோரைடு' என்று இருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் 0.65 சதவீதம். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று இருந்தால் அது வேறு மருந்து, பாட்டில் மட்டும் அதே சாயலில் இருக்கும். மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்கு விடவே கூடாது.

பால் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு செய்தால் நல்லது. முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடுகிறது. அடைத்திருந்தால் பாலை உறிஞ்ச முடியாமல் அழும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தோளுக்கடியில் மடித்த துண்டை வைத்தால் தலை இலேசாகப் பின்னால் சாயும். நாசிக்கு இரண்டு மூன்று சொட்டு. ஒரு நிமிடம் பொறுங்கள். தும்மினால் பாதி வேலை அதுவே முடித்துவிடும்.

இன்னும் சளி தெரிந்தால் ரப்பர் உறிஞ்சியை எடுக்கலாம். முதலில் வெளியே வைத்து அமுக்கி, அமுக்கியபடியே நுனியை மட்டும் நாசி வாயிலில் வைத்து, மெதுவாக விடுங்கள். உள்ளே வைத்து அமுக்கினால் சளி உள்ளேதான் போகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கு உட்புறம் வீங்கி அடைப்பு கூடும். வெந்நீரும் சோப்பும் போட்டு உறிஞ்சியைக் கழுவுங்கள். பழைய ஒன்றை நான் வெட்டிப் பார்த்தபோது உள்ளே கறுப்பாகப் பூசணம் படிந்திருந்தது.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது எல்லாம் நம் வீடுகளில் இன்றும் நடக்கின்றன. பாட்டிமாரிடம் எடுத்துச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும், ஊதும் வாயிலிருந்து கிருமி போகும். கற்பூரம் கலந்த தைலமும் இரண்டு வயதுக்குள் ஆகாது.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொட்ட காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பூப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சொட்டு மருந்தோடு நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஐயமாக இருந்தால், குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. இந்த எண்ணிக்கையை எட்டினாலும் தாண்டினாலும் கிளம்பிவிட வேண்டும்.