செய்திப் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த புகைப்படச் செய்தியாளர்கள் அனுப்பும் படங்களை நான் நாள்தோறும் பார்த்துவருகிறேன். குவியம் பிசகுவது, ஒளி அளவு தவறுவது போன்றவற்றை அவர்கள் திரையில் பார்த்துத் தாமே திருத்திக்கொள்கிறார்கள் என்பதால் அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த தவறுகளையே அவர்களும் ஒன்றுவிடாமல் செய்வதுதான் என்னை வருத்துகிறது.

படக்குறிப்பைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது

அண்மையில் ஒரு சாலை விபத்துப் படம் வந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு முதியவர் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறார். அவருடைய ஒரு கையில் இறந்தவரின் செருப்புகள் இருக்கின்றன. முதல் பக்கத்துக்கு உரிய படம். ஆனால் அதன் கீழே ‘விபத்தில் இறந்தவரின் உறவினர்’ என்பதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை. எடுத்தவரை அழைத்துக் கேட்டபோது, “படத்தைப் பார்த்தாலே புரிகிறதே, சார்” என்றார். துயரம் புரிகிறது, யாருடைய துயரம், எந்த ஊரில், எப்போது, எதனால் என்பதெல்லாம் புரியவில்லை. அவை தெரியாத படத்தைச் செய்தியோடு சேர்த்து அச்சிட எந்த ஆசிரியருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

இதைக் கண்டிப்புடன் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு தீ விபத்தில் கணவரை இழந்த பெண்ணையும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்த தங்கையையும் படம் எடுத்தேன். இருவர் பெயரையும் கேட்டேன், ஆனால் குறித்துக்கொள்ளவில்லை. நான்கு மணி நேரம் கழித்து நினைவிலிருந்து எழுதியபோது பெயர்கள் இடம் மாறிவிட்டன. மறுநாள் காலை முதல் அந்தத் தங்கையின் வீட்டுக்கு உறவினர்கள் துக்கம் விசாரிக்க வரத் தொடங்கினார்கள். வெளியூரில் வேலை பார்த்த அவருடைய கணவர் மாலையில் அலுவலகத்துக்கு வந்து, நாளிதழை என் மேசையில் விரித்து, படக்குறிப்பின் மேல் விரலை வைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார். மூன்றாம் நாள் உள்பக்கத்தில் வந்த திருத்தத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

பெரும் கலைஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1936-இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் டோரத்தியா லாங் எடுத்த தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் படங்கள் நாளிதழில் வந்ததும் முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங் சொன்னதை அக்குடும்பத்தினர் மறுத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1945-இல் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் கொடி நாட்டும் ஆறு அமெரிக்க வீரர்களை ஜோ ரோசந்தால் எடுத்த படத்திலும் பெயர்கள் குறிக்கப்படவில்லை. பிறகு அடையாளம் காட்டப்பட்ட ஆறு பெயர்களில் மூன்று தவறாகி 1947, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டன. போர்க்களத்தில் நின்றவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தாழ்வாரத்தில் நிற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அந்தத் தீ விபத்துக்குப் பிறகு நான் மாற்றாமல் கடைப்பிடிக்கும் முறை இது: படத்தில் இருப்பவரிடமே குறிப்பேட்டைக் கொடுத்து, முடிந்தால் அவர் கையாலேயே பெயரை எழுதித் தரச் சொல்வேன், அந்தப் பக்கத்தை உடனே ஒரு படம் எடுத்துக்கொள்வேன். முகத்துக்கு அடுத்த படமாகவே பெயரும் மெமரி கார்டில் பதிந்துவிடும். பலர் இருந்தால் இடமிருந்து வலமாக வரிசையைக் குறிப்பேன். கோப்பிலேயே பெயர், இடம், நாள் ஆகியவற்றை நிரப்பிய பிறகுதான் அனுப்புவேன். குழந்தைகள், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் போன்றோர் என்றால், அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதையும் அதே குறிப்பில் தெளிவாக எழுதிவிடுவேன்.

படத்தில் கை வைப்பது

2003-இல் ஈராக் போரின்போது, அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக இணைத்த ஒரு புகைப்படக் கலைஞரை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் பணிநீக்கம் செய்தது. 2006-இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகையை அடர்த்தியாக்கியவரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விற்பனையிலிருந்து நீக்கியது. அவற்றுள் நேர்மையாக எடுத்தவையும் இருந்திருக்கும், ஆனால் எது நேர்மையானது என்று இனி யாரும் நம்பத் தயாராக இல்லை. வெளிச்சத்தைச் சீராக்கலாம், ஓரத்தை வெட்டலாம். ஒரு பொருளைச் சேர்க்கவோ அகற்றவோ கூடாது.

“இன்னொரு முறை கைகுலுக்குங்கள்” என்று கேட்பது

கேட்காதீர்கள்.

முகத்தை மட்டுமே எடுப்பது

கண்ணீர் வழியும் முகம் பத்து இருக்கும். எரிந்த கட்டடத்தின் முழுத் தோற்றம் ஒன்றுகூட இருக்காது. சம்பவ இடத்துக்குப் போனதும் சற்றுத் தள்ளி நின்று இடம் முழுவதும் தெரியும்படி முதலில் எடுங்கள். பிறகு மனிதர்களை நெருங்குங்கள். அந்த அகன்ற படம்தான், வாசல் எங்கே இருந்தது, அது பூட்டப்பட்டிருந்ததா என்ற கேள்விக்குப் பின்னாளில் விடை தரும்.

கேமராவின் கடிகாரம்

கிளம்பும் முன் சரிபாருங்கள்.

பழைய படம்

‘கோப்புப் படம்’ என்று எழுதாமல் அனுப்பாதீர்கள். எடுத்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.