குடியிருப்பை இடிக்க வரும் வில்லன்: கார்ட்டூன் எபிசோட் எழுதுபவர்களுக்கு

கட்டுமான முதலாளியை வில்லனாக எழுத உட்கார்ந்தால் முதலில் அவனுடைய அறையை எழுதுங்கள். மேசை மேல் ஒரு மாதிரி நகரம்: கண்ணாடிக் கோபுரங்கள், குட்டி மரங்கள். ஏழைகளின் தெரு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீரூற்று. அதைப் பார்த்த குழந்தைக்கு விஷயம் புரிந்துவிடும். வில்லன் சிரிக்கக்கூட வேண்டாம். இடிமுழக்கச் சிரிப்பு எழுதுகிறவர்கள் மேல் எனக்கு மதிப்பில்லை.

அடுத்து, அவனுக்கு ஒரு தடை வேண்டும். பணமும் ஆளும் இருப்பவன் ஏன் குற்றம் செய்ய வேண்டும்? 1992-இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரில், க்ரைம் ஆலி என்ற ஏழைத் தெருவைப் பற்றி ஜெர்ரி கான்வே எழுதிய எபிசோடைப் பாருங்கள். அந்தப் பகுதியை இடிக்க, கட்டுமான முதலாளி ரோலண்ட் டாகெட்டுக்கு நகர மன்றம் அனுமதி தரவில்லை. அதனால் வெடிவைக்க ஆள் பிடிக்கிறான்; விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? இந்த ஒரு காரணம் கதையை நிமிர்த்தி வைக்கிறது. அனுமதி கிடைத்திருந்தால் அவன் சட்டப்படியே அதே தெருவைத் தரைமட்டமாக்கியிருப்பான். அந்த நினைப்பு பார்ப்பவருக்கு வர வேண்டும், ஆனால் எந்தப் பாத்திரமும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

அதிகம் உழைக்க வேண்டிய இடம் தெருதான். பெரும்பாலான திரைக்கதைப் பிரதிகளில் அங்கே இருப்பது ஓடுவதற்கும் அலறுவதற்கும் மட்டுமே பயன்படும் கூட்டம். ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பெயர், தொழில், பூட்டு சரியாக விழாத ஒரு கதவு கொடுங்கள். வெளியேறச் சொன்னால் அவர் ஏன் மறுக்கிறார் என்பதற்கு உருப்படியான காரணம் எழுதுங்கள்: நடந்து போகிற தூரத்தில் வேலை, வேறெங்கும் கட்டுப்படியாகாத வாடகை, படியேற முடியாத தாய். 'இது எங்கள் மண்' என்ற வசனத்தை அடித்துவிடுங்கள். க்ரைம் ஆலியில் இந்தப் பொறுப்பைச் சுமப்பவர் டாக்டர் லெஸ்லி தாம்ப்கின்ஸ். பெற்றோரைப் பறிகொடுத்த இரவில் பின்னாளில் பேட்மேன் ஆகும் சிறுவன் ப்ரூஸுக்கு ஆறுதல் சொன்னவர். நாயகனுக்கு அந்தத் தெருவில் ஓர் ஆள் இருப்பதால்தான் அது நமக்கும் தெருவாகிறது.

கடிகாரத்தைத் தொடக்கத்திலேயே ஓடவிடுங்கள். அரை மணி நேர எபிசோடில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். வெடிக்கும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால் விளக்க வசனம் பாதி குறையும். நாயகனைத் தாமதப்படுத்தும் தடைகளும் அந்தத் தெருவிலிருந்தே முளைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து இறக்காதீர்கள். வெளியேற்றப்படும் பயத்தில் நிதானம் இழந்த ஒருவரை வழிமறிக்க வையுங்கள். அவரை நாயகன் அடிக்க முடியாது, பேசித்தான் தீர வேண்டும்.

பின்னணி ஓவியருக்கு இரண்டு வரியாவது எழுதுங்கள். அந்த பேட்மேன் தொடரில் கறுப்புத் தாளில் வெளிச்சத்தைத் தீட்டினார்கள். இருட்டு தானாகவே கிடைத்தது. உங்கள் பிரதியில் எந்த ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று குறித்தால், காலி வீடு எது, ஆள் இருக்கும் வீடு எது என்று அவருக்குத் தெரியும்.

முடிவில்தான் கை நடுங்கும். வில்லனுக்கு விலங்கு மாட்டிக் கைதட்டல் வாங்கத் தோன்றும். டாகெட்டுக்கு அப்படி நடக்கவில்லை. பழியைக் கூலிக்காரர்கள் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கிறான். குழந்தைகள் ஏமாந்துபோவார்கள் என்று தயாரிப்பாளர் சொல்வார். அவரிடம் வாதாடாதீர்கள், நாயகன் வெடியை நிறுத்தும் காட்சியை நிறைவாக எழுதி, வில்லன் நிருபர்களுக்குப் பதில் சொல்லும் காட்சியை அதன் பின்னால் வையுங்கள். முதலாவது கிடைத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டாவதை அவர் வெட்டமாட்டார்.